லுமும்பாவின் கொலையும் மூன்று விசாரணைகளும்

கொங்கோ நாட்டின் முதலாவது பிரதம மந்திரியாகிய பத்திரிஸ் லுமும்பா கொலையுண்டது 1961 ஆம் ஆண்டு ஜனவரி 17 ஆந் திகதி இரவு. அவரது உடலின் எஞ்சிய பகுதி தாய்மண்ணில் வைக்கப்பட்டது 2022 ஆம் ஆண்டு யூன் 30 ஆந் திகதி. எஞ்சிய பகுதி என்று ஈண்டு நாம் குறிப்பிடுவது ஒரேயொரு பல்லையே. மரணத்துக்கும் அடக்கத்துக்கும் இடையே அறுபத்தொரு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இவ்விடைக்காலத்தில் இக்கொலை பற்றி மூன்று உத்தியோகபூர்வமான விசாரணைகள் நடந்தன. முதலாவது, ஐக்கிய நாடுகள் தாபனம் 1961 இல் நடத்தியது. இரண்டாவது, அமெரிக்க செனற் சபையின் குழுவொன்று 1975 இல் நடத்தியது. மூன்றாவது, பெல்ஜியப் பாராளுமன்றம் 2000, 2001 ஆம் ஆண்டுகளில் நடத்தியது. மூன்று அறிக்கைகளும் அச்சேறியுள்ளன, எவரும் படிக்கலாம். மூன்றும் பெரும்பாலும் உண்மையையே கூறுகின்றன. ஆயினும் இம்மூன்றின் விளைவாக ஒருவரேனும் தண்டனை பெற்றாரில்லை. உண்மை வெளிவந்த பின்னரும் நீதி கிட்டாமற் போனது எவ்வாறு? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விசாரணைக் குழுக்கள் யாவும் கண்துடைப்பே என்று கூறிவிட்டு ஓய்ந்துவிடுவது எளிது. முற்போக்காளர் பலரும் அவ்வாறே கூறிவருகின்றனர். ஆனால் லுமும்பாவின் வழக்கு அத்துணை எளிய முடிவுக்கு இடந்தருவதாயில்லை. இவ்விசாரணைகள் பொய்யுரைத்திருப்பின் அவற்றை மறுத்தெழுதுவதோடு நமது வேலை முடிந்துவிடும். அவை உண்மையுரைத்தன என்பதிலேயே பிரச்சினை தொடங்குகின்றது.

கொலைக்கு முந்திய கதை

கொங்கோ 1885 முதல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லெயோபோல்டின் தனியுடைமையாக இருந்தது. ரப்பருக்காக அங்கு நடந்த கொடுமைகள் உலகறிந்தவை. கண்டனம் தாங்காது 1908 இல் பெல்ஜிய அரசு அந்நாட்டைத் தன் குடியேற்ற நாடாக ஏற்றுக்கொண்டது. அதற்கு ஈராண்டுகள் முன்னரே, தென்பகுதியாகிய கட்டங்கா மாகாணத்தின் செம்பை அகழ்வதற்கென யூனியன் மினியேர் என்னும் பெருங் கம்பனி தாபிக்கப்பட்டிருந்தது. செம்போடு கோபால்ட்டும் யுரேனியமும் அம்மண்ணில் கிடைத்தன. ஹிரோஷிமா நகரை அழித்த அணுகுண்டுக்கு வேண்டிய யுரேனியத்திற் பெரும்பகுதி கட்டங்காவின் ஷிங்கோலோப்வே சுரங்கத்திலிருந்து சென்றதாகும். இம்மாகாணம் எவர் கையில் இருக்கும் என்ற கேள்வி பல தலைநகரங்களில் உறக்கத்தைக் கெடுத்தமைக்கு இதுவே காரணம்.

லுமும்பா 1925 இல் கசாய் மாகாணத்தின் ஒனலுவா என்னும் கிராமத்திற் பிறந்தார்; ஸ்டான்லிவில் நகரில் தபாற் கந்தோர் எழுதுவினைஞராகத் தொழில் பார்த்தார். 1958 இல் தோன்றிய கொங்கோ தேசிய இயக்கத்தின் தலைவரானார். ஏனைய கட்சிகள் பெரும்பாலும் ஒவ்வோர் இனக்குழுவையோ மாகாணத்தையோ தளமாகக் கொண்டிருந்த காலத்தில், இவ்வியக்கம் முழுக் கொங்கோவையும் ஒரு தேசமாகக் கருதியது. அவ்வாண்டு டிசம்பர் மாதம் கானா நாட்டின் அக்ரா நகரிற் கூடிய அனைத்து ஆபிரிக்க மக்கள் மாநாட்டிற் கலந்துகொண்ட லுமும்பா, ஆபிரிக்க விடுதலை என்னும் பரந்த நோக்குடன் நாடு திரும்பினார். 1960 மே மாதத் தேர்தலில் அவரது கட்சியே கூடுதலான இடங்களைப் பெற்றது.

1960 யூன் 30 ஆந் திகதி சுதந்திர வைபவத்தில், பெல்ஜிய மன்னர் போதுவான் தம் முன்னோரின் நாகரிகப் பணியைப் புகழ்ந்து பேசினார். நிகழ்ச்சிநிரலில் இடம்பெறாத லுமும்பா எழுந்து, அப்பணி எத்தகையது என்பதை, அதனைச் சுமந்த மக்களின் பக்கத்திலிருந்து எடுத்துரைத்தார். கட்டாய வேலை, கசையடி, நிறப்பாகுபாடு, சிறை என யாவற்றையும் மன்னர் முன்னிலையிலேயே அவர் கூறினார். அவ்வுரையே அவரது மரணசாசனம் என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு சொற்பொழிவுக்காக அரசுகள் கொலை செய்வதில்லை. அச்சொற்பொழிவை நிகழ்த்தியவர் கட்டங்காவின் செல்வத்தை மத்திய அரசின் கீழ்க் கொண்டுவரக்கூடியவர் என்பதுதான் அச்சத்தை விளைத்தது.

சுதந்திரம் பெற்றபோது கொங்கோவின் படையில் அதிகாரி தரத்தில் ஒரு கொங்கோலியரேனும் இருக்கவில்லை. பெல்ஜியத் தளபதி ஜான்சன்ஸ், கரும்பலகையில் 'சுதந்திரத்துக்கு முன் = சுதந்திரத்துக்குப் பின்' என்று எழுதிக் காட்டினார். சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். யூலை 10 ஆந் திகதி பெல்ஜியத் துருப்புகள் அழைப்பின்றி உட்புகுந்தன. மறுநாள் மொயிஸ் சோம்பே கட்டங்கா தனிநாடு எனப் பிரகடனஞ் செய்தார். யூனியன் மினியேர் மத்திய அரசுக்குச் செலுத்தவேண்டிய வரியைச் சோம்பேக்குச் செலுத்தலாயிற்று. ஒரு பிரிவினை எவ்வாறு உயிர்வாழ்கின்றது என்பதை அறிய விரும்புவோர் கொடியையும் கீதத்தையும் பார்ப்பதைவிட, வரி எந்தப் பெட்டியில் விழுகின்றது என்று பார்த்தல் நலம்.

லுமும்பா ஐக்கிய நாடுகள் தாபனத்தின் உதவியை நாடினார். படை வந்தது. ஆனால் கட்டங்காப் பிரிவினை கொங்கோவின் உள்விவகாரம் என்று கூறி, அதனை முறியடிக்க அப்படை மறுத்தது. சோவியத் யூனியனிடம் லுமும்பா போக்குவரத்து உதவி பெற்றார். அக்கணமே அவர் மீது கம்யூனிஸ்ட் என்னும் முத்திரை குத்தப்பட்டது. செப்டெம்பர் 5 ஆந் திகதி ஜனாதிபதி கசவுபு அவரைப் பதவி நீக்கியதாக வானொலியில் அறிவித்தார். பாராளுமன்றத்தின் இரு சபைகளும் அதனை ஏற்கவில்லை. ஆயினும் ஐக்கிய நாடுகள் அதிகாரிகள் வானொலி நிலையத்தையும் விமான நிலையங்களையும் மூடினர். நாட்டின் பிரதம மந்திரி தன் மக்களோடு பேசும் வழி அடைபட்டது. செப்டெம்பர் 14 ஆந் திகதி இராணுவத் தலைவர் மொபுட்டு ஆட்சியைக் கைப்பற்றினார். லுமும்பாவின் இல்லத்தைச் சூழ இரு காவல்வளையங்கள் அமைந்தன: உள்வளையம் அவரைக் காக்கும் ஐக்கிய நாடுகள் படையினர், வெளிவளையம் அவரைப் பிடிக்கக் காத்திருந்த மொபுட்டுவின் படையினர்.

கொலை

நவம்பர் 27 ஆந் திகதி இரவு லுமும்பா அவ்வீட்டிலிருந்து வெளியேறித் தம் ஆதரவாளர் நிறைந்த ஸ்டான்லிவில் நோக்கிப் புறப்பட்டார். வழிநெடுக மக்கள் கூடினர். அவர் நின்று பேசினார். அதனாற் காலந் தாழ்ந்தது. டிசம்பர் 1 ஆந் திகதி சங்குரு ஆற்றங்கரைப் பகுதியிற் பிடிபட்டார். துரத்துவோர்க்கும் துரத்தப்படுவோர்க்கும் இடையே தலையிடலாகாது என்பது ஐக்கிய நாடுகள் படைக்கு இடப்பட்டிருந்த கட்டளை. அவர் தைஸ்வில் இராணுவ முகாமில் அடைக்கப்பட்டார். 1961 ஜனவரி 13 ஆந் திகதி அம்முகாமின் சிப்பாய்களே கலகம் விளைத்தபோது, அவர் விடுதலையாகி மீண்டுவரக்கூடும் என்ற பயம் லியோபோல்ட்வில் ஆட்சியாளரைப் பற்றிக்கொண்டது.

ஜனவரி 17 ஆந் திகதி லுமும்பாவும், அவரது தோழர்களான மோரிஸ் இம்போலோ, ஜோசப் ஒக்கிட்டோ ஆகிய இருவரும் கட்டங்காவுக்கு விமானத்தில் ஏற்றிச் செல்லப்பட்டனர். வழியெங்கும் அடியுதை. அதைக் காணச் சகியாத விமானிகள் தம் அறைக் கதவை மூடிக்கொண்டனர். எலிசபெத்வில் விமானத்தளத்தில் அவர்கள் இறக்கப்பட்டதை ஐக்கிய நாடுகள் படையைச் சேர்ந்த சுவீடன் நாட்டுச் சிப்பாய்கள் கண்டனர். நகர்ப்புறத்து வீடொன்றில் மீண்டும் சித்திரவதை. சோம்பேயும் அவரது அமைச்சர் சிலரும் அங்கு வந்து பார்த்தனர். இரவு பத்து மணிக்கு முன்னரே, வந்திறங்கி ஐந்து மணித்தியாலத்துள், காட்டுப்புறத்தில் மூவரும் ஒருவர்பின் ஒருவராகச் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவர்கள் கட்டங்காவின் சிப்பாய்களும் பொலிஸாரும். அங்கு கடமையிலிருந்த அதிகாரிகளுட் பெல்ஜியர் இருந்தனர்.

புதைத்த உடல்கள் மறுபடியும் தோண்டியெடுக்கப்பட்டன. ஜெராட் சூட் என்னும் பெல்ஜியப் பொலிஸ் அதிகாரி, துணையாளொருவருடன் அவற்றைத் துண்டித்து அமிலத்திற் கரைத்தார். பல ஆண்டுகளின் பின் அவரே இதனைத் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். பற்களைத் தாம் எடுத்து வைத்திருந்ததையும் கூறினார். உடலை அழித்தவர்கள் அழிக்க விரும்பியது உடலை மட்டுமன்று. உடல் இல்லையேல் பிரேத பரிசோதனை இல்லை, கல்லறை இல்லை, கல்லறையிற் கூடும் மக்கள் இல்லை. பின்னால் வரக்கூடிய விசாரணையை முன்கூட்டியே கொல்லும் முயற்சி அது.

பெப்ரவரி 13 ஆந் திகதி கட்டங்காவின் உள்நாட்டு அமைச்சர் முனொங்கோ பத்திரிகையாளரை அழைத்து, காவலிலிருந்து தப்பியோடிய மூவரையும் கிராமவாசிகள் கொன்றுவிட்டனர் என்று அறிவித்தார். கிராமத்தின் பெயரை அவர் கூறவில்லை. புதைத்த இடத்தையும் கூறவில்லை. நாங்களே கொன்றோம் என்று சொல்வீர்களாயின் நிரூபித்துக் காட்டுங்கள் என்றும் சவால் விட்டார். கணவரின் உடலையேனும் பெற்றுத் தருமாறு கேட்டு, லுமும்பாவின் மனைவி போலின் துக்கக்கோலத்துடன் லியோபோல்ட்வில் வீதிகளில் நடந்து ஐக்கிய நாடுகள் அலுவலகத்துக்குச் சென்றார். கொடுப்பதற்கு உடல் இருக்கவில்லை.

முதலாவது விசாரணை: எங்கே, எப்போது?

அக்காலத்தில் இலங்கை பாதுகாப்புச் சபையின் நிரந்தரமற்ற உறுப்பு நாடாக இருந்தது என்பதை நம் மாணவர் பலர் அறியார். லைபீரியா, ஐக்கிய அரபுக் குடியரசு ஆகிய நாடுகளுடன் சேர்ந்து இலங்கை கொண்டுவந்த தீர்மானம் 1961 பெப்ரவரி 21 ஆந் திகதி ஒன்பது வாக்குகளால் நிறைவேறியது. எதிர்வாக்கு இல்லை, சோவியத் யூனியனும் பிரான்சும் வாக்களியாது நின்றன. அத்தீர்மானம் கேட்டவற்றுள் மூன்று நம் ஆய்வுக்கு முக்கியமானவை: லுமும்பாவினதும் தோழர்களினதும் மரணம் பற்றி உடனடியான, பக்கஞ்சாராத விசாரணை; குற்றவாளிகளுக்குத் தண்டனை; கொங்கோவிலிருந்து பிறநாட்டு இராணுவ ஆலோசகர்களும் கூலிப்படையினரும் வெளியேற்றம். சிறிய நாடுகள் மூன்று எழுதிய அத்தீர்மானத்தில் விசாரணையும் தண்டனையும் ஒரே வசனத்தில் இணைந்திருந்தன. அவ்விணைப்பே பின்னர் அறுந்தது.

பொதுச்சபை 1961 ஏப்ரலில் பர்மா, எதியோப்பியா, மெக்சிக்கோ, டோகோ ஆகிய நான்கு நாடுகளின் பிரதிநிதிகள் கொண்ட விசாரணைக் குழுவை நியமித்தது. கொங்கோ அரசாங்கம் இடங்கொடாமையால் அக்குழு குற்றம் நிகழ்ந்த மண்ணை மிதிக்கவே இல்லை. நியூயோர்க்கிலும் ஐரோப்பிய நகரங்களிலும் அமர்ந்து சாட்சியங்களைப் பெற்றது. உடலும் இல்லை, தடயமும் இல்லை, சாட்சிகளை அழைக்கும் அதிகாரமும் இல்லை. இருந்தும் அவ்வாண்டு நவம்பரில் அது வெளியிட்ட அறிக்கை பாராட்டுக்குரியது. தப்பியோடிய கதை புனைவு என்று அது கண்டது. ஜனவரி 17 ஆந் திகதியே மூவரும் கொல்லப்பட்டனர் என்றும், சோம்பே, முனொங்கோ உள்ளிட்ட கட்டங்கா அதிகாரத்தினர் முன்னிலையிலேயே பெரும்பாலும் அது நிகழ்ந்திருக்கலாம் என்றும் கூறிற்று. கைதிகளை எதிரியிடம் ஒப்படைத்த கசவுபுவும் அவர் துணைவரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்றும் எழுதிற்று. கொலை நடந்த இடம், சுட்ட கை ஆகியன பற்றிய விவரங்களைப் பின்னைய ஆய்வுகள் திருத்தின. எனினும் சாரம் பிழைக்கவில்லை.

முனொங்கோவின் சவாலுக்கு ஒன்பது மாதத்துள் விடை கிடைத்துவிட்டது. ஆனால் நிகழ்ந்தது யாது? 1964 யூலையில், அவ்வறிக்கை பெயர் குறித்த அதே சோம்பே, முழுக் கொங்கோவுக்கும் பிரதம மந்திரியானார். முனொங்கோ உள்நாட்டு அமைச்சரானார். பொலிஸ் யாருடைய கையில் இருந்ததோ அவரைப் பொலிஸ் பிடிப்பதெங்ஙனம்? மறு ஆண்டு மொபுட்டு மீண்டும் ஆட்சியைப் பறித்தார். லுமும்பாவைச் சிறைப்பிடித்த அவரே 1966 இல் லுமும்பாவைத் தேசிய வீரர் எனப் பிரகடனஞ் செய்தார். இறந்தவருக்கு மரியாதை செய்தல், உண்மையைப் புதைப்பதற்கு மிக மலிவான வழி.

இரண்டாவது விசாரணை: நம் கையா?

1970 களில் அமெரிக்க உளவுத் தாபனமான சி.ஐ.ஏ. பற்றிய ஊழல்கள் அம்பலமாயின. செனற்றர் பிராங் சேர்ச் தலைமையிலான குழு, பிறநாட்டுத் தலைவர்களைக் கொல்லும் சதிகள் பற்றி 1975 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் லுமும்பாவுக்கெனத் தனிப்பகுதி உண்டு.

அப்பகுதி கூறும் செய்திகள் இன்றும் திகைப்பூட்டுவன. 1960 ஆகஸ்ட் 26 ஆந் திகதி சி.ஐ.ஏ. தலைவர் அலன் டலஸ், லுமும்பாவை அகற்றுவது அவசரமான, முதன்மையான குறிக்கோள் என லியோபோல்ட்வில்லுக்குத் தந்தி அனுப்பினார். அடுத்த மாதம் அத்தாபனத்தின் விஞ்ஞானியொருவர், உணவிலோ பல் துலக்கும் பொருளிலோ சேர்க்கத்தக்க நஞ்சைக் கையோடு கொண்டு சென்றார். அது பயன்படுத்தப்படவில்லை, பின்னர் கொங்கோ நதியில் எறியப்பட்டது. ஜனாதிபதி ஐசனோவர் கொலைக்கு ஒப்புதல் அளித்தார் என ஊகிக்கச் சாட்சியங்கள் இடந்தருகின்றன என்று குழு எழுதிற்று. ஆயினும் முரணான சாட்சியங்களும் தெளிவின்மையும் இருப்பதால் முடிவு கூறவில்லை எனவும் சேர்த்துக்கொண்டது. முடிவில், லுமும்பாவின் மரணத்தை நிகழ்த்தியதில் சி.ஐ.ஏ.க்குப் பங்கிருந்ததாகச் சான்றில்லை என்று கூறி ஓய்ந்தது.

இவ்வறிக்கை பொய் சொல்லவில்லை என்பதை மீண்டும் வற்புறுத்துகின்றோம். குழு எழுப்பிய வினா இது: அமெரிக்கக் கை லுமும்பாவைக் கொன்றதா? இல்லை என்பது சரியான விடை. ஆனால் வினாவைச் சற்றே மாற்றிப் பாருங்கள்: லுமும்பா கொல்லப்படுவதற்கான நிலைமையை உருவாக்கியவர் யாவர்? மொபுட்டுவின் ஆட்சிக்கவிழ்ப்பை ஊக்கியவரும், அவருக்குப் பணம் வழங்கியவரும், லுமும்பா சிறை மீண்டால் ஆபத்து என்று கொங்கோ ஆட்சியாளரை எச்சரித்து வந்தவரும் யாவர்? லுமும்பா வேறிடத்துக்கு மாற்றப்பட இருக்கின்றார் என்னும் செய்தியை ஜனவரி 14 ஆந் திகதியே சி.ஐ.ஏ. அதிகாரி பெற்றிருந்தார் என்பது அவ்வறிக்கையிலேயே உள்ளது. அவர் எவ்விதத் தடையும் கூறினாரில்லை. கட்டளையிட்டவரின் பெயர் எங்கும் பதியாமலே கட்டளை நிறைவேறுமாறு அரசாங்கங்கள் சொற்களைத் தேர்கின்றன. 'அகற்றுதல்' என்று எழுதுவர். பதவியிலிருந்தா, உலகிலிருந்தா என்று எழுதார். ஐசனோவரும் டலஸும் 1969 இலேயே காலமாகிவிட்டனர். 1975 இல் உண்மை வெளிப்பட்டபோது குற்றக்கூண்டில் ஏற்ற எவரும் அகப்படவில்லை.

மூன்றாவது விசாரணை: ஒழுக்கப் பொறுப்பு

லூடோ டி விட்டே என்னும் பெல்ஜிய ஆய்வாளர் ஆவணக்காப்பகங்களை அலசி 1999 இல் வெளியிட்ட நூல், பெல்ஜிய அரசின் பங்கினை மறைக்க முடியாததாக்கிற்று. அதன் விளைவாக அந்நாட்டுப் பாராளுமன்றம் விசாரணைக் குழுவொன்றை நியமித்தது. வரலாற்றறிஞர் நால்வர் அதற்குத் துணைநின்றனர். அரசரின் ஆவணங்களும் அவர்களுக்குத் திறக்கப்பட்டன. ஒரு முன்னாள் ஏகாதிபத்திய நாடு தன் கடந்தகாலத்தை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தமை அரிது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

1960 ஒக்டோபர் 6 ஆந் திகதி ஆபிரிக்க விவகார அமைச்சர் தஸ்பிரமோன் லிண்டன் அனுப்பிய தந்தியில், லுமும்பாவை 'இறுதியாக ஒழித்தல்' குறிக்கோளாகக் கூறப்பட்டிருந்தது. லுமும்பாவை ஏற்றுக்கொள்ளுமாறு சோம்பேயை வற்புறுத்தும் தந்தியொன்றை அவரே ஜனவரி 16 ஆந் திகதி, கொலைக்கு முந்தைய நாள், அனுப்பினார். லுமும்பாவை இயன்றால் உடலளவிலேயே செயலிழக்கச் செய்ய மொபுட்டுவும் சோம்பேயும் இணங்கியுள்ளனர் என்ற செய்தி, ஒரு பெல்ஜிய அதிகாரியின் கடிதத்தின் மூலம் அரசமாளிகையை எட்டியிருந்தது. ஒருவரும் தடுக்கவில்லை. கொலைக்குப் பின் உண்மை அறிந்தும் அரசாங்கம் மௌனம் காத்தது.

இவற்றையெல்லாம் பதிந்த குழு 2001 நவம்பர் 16 ஆந் திகதி வெளியிட்ட முடிவு என்ன? லுமும்பாவைக் கொல்லுமாறு பெல்ஜிய அரசாங்கம் கட்டளையிட்டதற்குச் சான்றில்லை. தந்தியிலுள்ள 'ஒழித்தல்' அரசியல் ஒழிப்பையே குறிக்கும். எனினும் மரணத்துக்கு இட்டுச்சென்ற சூழ்நிலைகளுக்குப் பெல்ஜிய அரசாங்கத்தின் சில உறுப்பினரும் வேறு சில பெல்ஜியரும் 'ஒழுக்கப் பொறுப்பு' உடையவர். 2002 பெப்ரவரியில் வெளிநாட்டமைச்சர் லூயி மிஷேல் லுமும்பா குடும்பத்தாரிடமும் கொங்கோ மக்களிடமும் மன்னிப்புக் கோரினார்.

இத்தொடரின் சொற்களைச் சிறிது உற்று நோக்குவோம். 'கொலைக்கு' என்று கூறாமல் 'மரணத்துக்கு இட்டுச்சென்ற சூழ்நிலைகளுக்கு' என்கின்றனர். 'பெல்ஜிய அரசு' என்று கூறாமல் 'அரசாங்கத்தின் சில உறுப்பினர்' என்கின்றனர். 'சட்டப் பொறுப்பு' என்பதற்குப் பதிலாக 'ஒழுக்கப் பொறுப்பு' வருகின்றது. ஒவ்வொரு சொல்லும் ஒரு படி கீழிறங்குகின்றது. சட்டப் பொறுப்புக்கு நீதிமன்றமும் தண்டனையும் இழப்பீடும் உண்டு. ஒழுக்கப் பொறுப்புக்கு மன்னிப்புரை போதுமானது. யூனியன் மினியேர் என்னும் பெயரும், சோம்பே ஆட்சிக்கு அது செலுத்திய பணமும் ஆராய்ச்சியின் ஓரத்தில் இடம்பெற்றன. அந்த இறுதி வசனத்துள் அவற்றுக்கு இடமில்லை.

பங்கிடப்பட்ட குற்றம்

மூன்று அறிக்கைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். லியோபோல்ட்வில் ஆட்சியாளர் கூறுவது: நாங்கள் அனுப்பினோமேயன்றிக் கொல்லவில்லை. கட்டங்காவினர் கூறியது: நாங்கள் காவல் வைத்தோம், கொன்றவர் கிராமவாசிகள். அமெரிக்கர் கூறுவது: நஞ்சு அனுப்பினோம்; ஆனால் அதற்கு வேலை வரவில்லை. பெல்ஜியர் கூறுவது: எம்மவர் அங்கு நின்றனர், ஆனால் கட்டங்காவின் உடையில் நின்றனர். ஐக்கிய நாடுகள் அதிகாரிகள் கூறுவது: எமக்குத் தலையிடும் கட்டளை இல்லை. கிராமவாசிகளின் கதையொன்றை ஒதுக்கிவிட்டால், ஏனையவை ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறத்தாழ உண்மை. அவற்றைக் கூட்டினால் மூன்று மனிதரின் படுகொலை வருகின்றது. பங்கிட்டுப் பார்த்தால் எவருடைய பங்கும் தண்டனைக்குரிய அளவை எட்டுவதில்லை.

விசாரணைகள் செய்தது இதுவே. அவை உண்மையை மறைக்கவில்லை, உண்மையைக் கூறுபோட்டன. ஒவ்வொன்றும் தன் நாட்டு எல்லைக்குள், தனக்கு வகுத்துக் கொடுக்கப்பட்ட வினாவின் எல்லைக்குள் நின்றது. எங்கே, எப்போது என்று ஒன்று கேட்டது. நம் கையா என்று மற்றொன்று கேட்டது. நம் மனச்சாட்சிக்கு எவ்வளவு பாரம் என்று மூன்றாவது கேட்டது. யாருக்காக, எந்த நலனுக்காக என்னும் வினாவை முழுமையாகக் கேட்கும் அதிகாரம் எந்தக் குழுவுக்கும் வழங்கப்படவில்லை. அவ்வினாவைக் கேட்டிருப்பின், கொலையாளிகளின் பட்டியலோடு பங்குதாரர்களின் பட்டியலையும் வாசிக்க நேர்ந்திருக்கும்.

அதனால் இவ்விசாரணைகள் பயனற்றவை என்று நாம் கூறமாட்டோம். அவை இல்லாவிடில் இன்றும் நமக்கு எஞ்சியிருப்பது முனொங்கோவின் கிராமவாசிகள் கதையே. லுமும்பாவின் குடும்பத்தார் 2011 இல் பிரசல்ஸ் நகரில் குற்றமுறைப்பாடு செய்தபோது அவர்கள் கையில் இருந்த ஆயுதம் பாராளுமன்ற அறிக்கை திரட்டிய ஆவணங்களே. அம்முறைப்பாட்டின் பயனாக 2016 இல், காலஞ்சென்ற சூட்டின் மகளிடமிருந்து ஒரு பல் கைப்பற்றப்பட்டது. 2022 யூன் 20 ஆந் திகதி அது குடும்பத்தாரிடம் கையளிக்கப்பட்டது. உடலைக் கேட்டு வீதியில் நடந்த போலின் அதனைக் காணவில்லை; அவர் 2014 இல் இறந்துவிட்டார். முறைப்பாட்டிற் குறிப்பிடப்பட்ட பெல்ஜியருள் உயிரோடு எஞ்சியிருந்த ஒருவரைக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்புமாறு பெல்ஜிய அரச வழக்குத்தொடுநர் 2025 யூனில் விண்ணப்பித்தார். அப்போது அவருக்கு வயது தொண்ணூற்றிரண்டு. குற்றச்சாட்டை அவர் மறுத்தார். கொலை நடந்து அறுபத்துநான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.

லுமும்பா என்னும் பெயர் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1961 இல் அவர் பெயர் சூட்டப்பட்ட மொஸ்கோப் பல்கலைக்கழகத்தில் இலங்கை மாணவர் பலர் கற்று மருத்துவராகவும் பொறியியலாளராகவும் திரும்பினர். அப்பெயர் 1992 இல் அகற்றப்பட்டு, 2023 இல் மீளச் சூட்டப்பட்டது. பெயர்ப்பலகைகள் காலத்துக்கேற்ப ஏறும், இறங்கும். அதனினும் நிலையான மரியாதையொன்றை நாம் அவருக்குச் செய்ய இயலும். அது வகுப்பறையிலேயே தொடங்கக்கூடியது.

எந்த நாட்டிலாயினும், எந்தத் தலைவரின் கொலையாயினும், எந்தச் சாதாரண மனிதரின் மரணமாயினும், விசாரணை அறிக்கையொன்று நம் கைக்கு வரும்போது முடிவுரையைப் புரட்டுவதற்கு முன் முதற்பக்கத்தைப் படிக்க நம் மாணவருக்குப் பழக்குவோம். இக்குழுவை நியமித்தவர் யார்? இதற்கு வகுத்துக் கொடுக்கப்பட்ட வினா எது? அவ்வினாவுக்கு வெளியே நிறுத்தப்பட்டது எது? குற்றவாளிகளைத் தண்டிக்கும் கடமை எந்த வசனத்திலிருந்து விடுபட்டது? 1961 பெப்ரவரித் தீர்மானத்தை எழுதிய மூன்று சிறிய நாடுகளும் விசாரணையையும் தண்டனையையும் ஒரே வசனத்திற் பிணைத்தன. அவ்வசனம் இன்னும் முற்றுப்பெறவில்லை.